தேதி தவறாத வாடகை

பள்ளி வேன் ஓட்டுகிறவள் பன்னிரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்ததோடு வங்கிக் கடனையும் போட்டு வாங்கிய வீடு அது. இரண்டாவது மாடி, ஒரு படுக்கையறை, ஹால், துணி காயப்போட ஒரு பால்கனி. வாடகைக்கு விட்டுத் தவணையைச் சமாளித்துவிட்டால் ஐந்தாறு வருடத்தில் இன்னொன்று வாங்கிவிடலாம் என்பது அவள் எண்ணம். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், "ஆழம் தெரியாம கால விடுறியேம்மா" என்று முனகிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டான்.

ஒன்பது பேர் வந்து பார்த்தார்கள். டைல்ஸ் கடை சூப்பர்வைசரை இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மடிப்புக் கலையாத சட்டை, வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்', வாய் திறக்காத மனைவி. "தங்கமான ஜோடி" என்று அவளே சொன்னாள்.

வாடகை தேதி தவறாமல் வந்தது. இரண்டாம் மாதம் குளியலறைத் தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது என்றான், மாற்றினாள். நான்காம் மாதம் மறுபடியும் அதே தாழ்ப்பாள். பார்க்கப் போனபோது கதவின் நடுவில் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளம். வெளியிலிருந்து உதைத்தது. உள்ளே ஓடித் தாழிட்டுக்கொண்டது யாராக இருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

கணவனிடம் சொன்னாள். "புருஷன் பொண்டாட்டி விஷயம். நடுவுல போனா நம்ம தலைதான் உருளும்" என்றான்.

அடுத்த வாரம் ஒரு மதியம், வேனுக்கு வேலையில்லாத நேரத்தில், புதுத் தாழ்ப்பாளும் சுத்தியலுமாகப் படியேறினாள். முதல் மாடியிலேயே சத்தம் கேட்டது. உடம்பு சுவரில் மோதும் சத்தம். அழுகை இல்லை. மிச்சப் படிகளை ஓடியே ஏறினாள்.

கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தாள்.

சூப்பர்வைசர் மனைவியின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் முகத்தைச் சமையல் மேடையின் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தான். மேடையில் ரத்தத்தோடு ஒரு பல் கிடந்தது.

"விடுடா அவள!"

"வாடகை குடுக்கிறேன்ல? உள்ள வந்து கேக்க நீ யாரு?"

"யாரா வேணா இருந்துட்டுப் போறேன். கைய எடு."

எடுத்தான். எடுத்த கையாலேயே வேன்காரியை அறைந்தான். காது விர்ரென்றது, சுத்தியல் எங்கோ தெறித்தது. அடுத்த குத்து கண்ணில், அதற்கடுத்தது விலாவில். விழுந்தவளின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயைப் பொத்தி அழுத்தினான். மூச்சு முட்டியது. அவள் அவன் கட்டைவிரலைப் பல்லில் கவ்வி, எலும்பு தட்டும்வரை கடித்தாள். அவன் ஊளையிட்டான். அவள் விடவில்லை. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

அப்போது அவன் தோளில் ஏதோ இறங்கியது. மனைவி. இரண்டு கையாலும் சுத்தியலைப் பிடித்திருந்தாள். மறுபடியும் அடித்தாள். எலும்பு முறிவது மூவருக்குமே கேட்டது. மூன்றாவதாக அவன் தலைக்கு ஓங்கினாள்.

வேன்காரி தவழ்ந்து எழுந்து அந்தக் கையைப் பிடித்தாள். "போதும்மா. போதும்."

"எந்திரிச்சா என்னைக் கொன்னுடுவான்க்கா."

"எந்திரிக்க மாட்டான். பாரு."

பார்த்தாள். அவன் சுவரோடு சுருண்டு அழுதுகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம், வீட்டுக்காரி அத்துமீறி நுழைந்து அடித்தாள் என்று அவன் சொன்னான். சாவி போட்டுத் திறந்தது உண்மைதானே. உதடு வீங்கிப் பேச முடியாத மனைவி காகிதம் கேட்டு வாங்கி நான்கு பக்கம் எழுதினாள். கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து தொடங்கியிருந்தாள். சுத்தியலால் அடித்தது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அதைப் படித்துவிட்டுப் போலீஸ்காரர் வேன்காரியிடம் வேறெதுவும் கேட்கவில்லை. அவன்மீதுதான் வழக்கு.

மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. தவணை கட்ட மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனான். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை. ஒருநாள் அவள் கண்ணுக்கு மருந்து விடும்போது மட்டும், "உன்னத் தடுத்திருக்கக் கூடாது. கூட வந்திருக்கணும்" என்றான்.

இப்போது அங்கே இரண்டு நர்ஸுகள் குடியிருக்கிறார்கள். ஒருத்தி வாய்விட்டுப் பாடிக்கொண்டே சமைக்கிறாள், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் வேன்காரியிடம் போனில் புகார் சொன்னார்.

"பாடட்டும் சார், விடுங்க" என்றாள்.