ஜொங்ஜியில் இருக்கிறது சோறு

காலை ஏழு நாற்பதுக்குப் பதிவான குரல் அது. ஹேரானின் காதுக்கு வந்தபோது பத்தரை.

அன்றைக்கு அது நூற்றுப் பன்னிரண்டாவது. தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளில் அரசு ஒரு பேசும் பெட்டியை வைத்திருந்தது. அந்தப் பெட்டி கேட்டதையெல்லாம் தேகு நகரத்தில் ஓர் ஆறாவது மாடியில் உட்கார்ந்து மறுபடி கேட்பது அவள் வேலை. பெட்டி என்ன புரிந்துகொண்டது என்பது திரையில் இருக்கும். சரி என்றால் பச்சை. தவறு என்றால் சிவப்பு. சிவப்புக்குக் காரணம் குறிக்க வேண்டும். அதனால் சிவப்பை யாரும் விரும்புவதில்லை.

"காலை வணக்கம். சாப்பிட்டீர்களா?" என்றது பெட்டி.

ஒரு கிழவரின் இருமல். நீண்ட இருமல். பிறகு, "இன்னும் இல்ல. சோறு ஜொங்ஜில இருக்கு."

"சரி. நிறுத்துகிறேன்."

பதிவு அதோடு முடிந்தது. திரையில் எழுதியிருந்தது: நிறுத்தச் சொன்னார். நிறுத்தப்பட்டது.

ஹேரானின் விரல் பச்சைக்குப் போய்விட்டது. அழுத்தவில்லை. மறுபடி கேட்டாள்.

ஜொங்ஜி என்றால் நிறுத்து. பள்ளிப் புத்தகத்தில், சாலைப் பலகையில், செய்தியில், எங்கும் அதுதான் பொருள். வடக்கே மலையோரக் கிராமங்களில் மட்டும் ஜொங்ஜி என்றால் அடுக்களை. ஹேரான் அங்கே பிறந்தவள். அந்தப் பொருளில் அந்த வார்த்தையைக் கேட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயதில் தொலைபேசியில் பேசும் வேலைக்குச் சேர்ந்தபோது, சியோல் பேச்சு வரும்வரை வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு வாசிக்க வைத்தார்கள். ஊர்ப்பேச்சு அப்போது போனது.

சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்கிறார். சோறு அடுக்களையில் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். இதைவிடச் சின்னப் பேச்சு இல்லை.

அந்த வீட்டின் பழைய பதிவுகளை எடுத்தாள். பெயர் இருக்காது. எண் மட்டும்.

"ஜொங்ஜில விளக்கப் போடு."

நிறுத்துகிறேன்.

"ஜொங்ஜில என்னமோ கருகுற வாடை வருதே, அடுப்ப அணைச்சேனா?"

நிறுத்துகிறேன்.

"ஜொங்ஜிடா, செவிடா! ஜொங்ஜி!"

நிறுத்துகிறேன்.

பத்தொன்பது நாள் காலை வணக்கங்கள். பத்தொன்பது நாளும் சோறு ஜொங்ஜியில் இருந்தது. எல்லாம் பச்சை. சரிபார்த்தவர்களின் எண் ஓரத்தில் இருந்தது. நான்கு இடங்களில் அது அவளுடைய எண். மதியத்துக்குப் பிறகு அவள் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பாள். எல்லோரும் அப்படித்தான்.

எண்ணுக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி. தொடர் மறுப்பு: 19. இன்றைய பச்சையோடு இருபது. இருபது நாள் விடாமல் காலை வணக்கத்தை நிறுத்துகிறவருக்குப் பெட்டி வேண்டாம் என்று கணக்கு. பட்டியல் மாலை ஆறு மணிக்கு மாவட்டத்துக்குப் போகும். அவர்கள் பெட்டியை எடுத்து, காத்திருக்கும் வேறு வீட்டில் வைப்பார்கள்.

பிப்ரவரியில் ஒரு பதிவுக்கு நட்சத்திரம் போட்டிருந்தது. அதையும் கேட்டாள்.

"விழுந்துட்டேன். குளிக்கற அறையில. காப்பாத்து."

பெட்டி தீயணைப்பு நிலையத்தை அழைத்திருந்தது. பதினேழு நிமிடத்தில் அங்கிருந்து ஆம்புலன்ஸ் வந்திருந்தது. குளியலறையில் விழுந்ததால் வந்தது; ஜொங்ஜியில் விழுந்திருந்தால் வந்திருக்காது. ஹேரான் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

குழுத்தலைவன் பியோ அவளைவிடப் பதினாறு வயது சின்னவன். காகிதக் கோப்பையில் காப்பித்தூளைக் கொட்டி, வெந்நீர் பிடித்து, காலிப் பொட்டலத்தாலேயே கலக்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மூஞ்சியே சிவப்பா இருக்கு?"

"ஒரு பெரியவர் அடுக்களைன்னு சொல்றாரு. பெட்டி நிறுத்துன்னு எடுத்துக்குது."

"அடுக்களைன்னா புவொக். அதுக்கும் நிறுத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் புவொக்குன்னு சொல்லல. ஜொங்ஜின்னு சொல்றாரு. எங்க ஊர்ல அடுக்களைக்கு அதான் பேரு."

பியோ சிரித்தான். "எங்க ஊரா? நீங்க சியோல்காரின்னுல்ல இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன். நல்லா ஏமாத்தியிருக்கீங்க."

"மாத்த முடியுமா, சொல்லு."

"முடியாதுக்கா. மத்த வார்த்தைன்னா மேல பெரிய கணினிக்கு அனுப்பும், அது முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு பாக்கும். நிறுத்துங்கறது அப்படியில்ல. அது பெட்டிக்குள்ளயே கெடக்கு. அந்தச் சத்தம் காதுல விழுந்தா போதும், வேற எதையும் பாக்காது. பாக்கவும் கூடாது. பாட்டு அலறுது, நிறுத்துங்கறீங்க, அது உக்காந்து யோசிச்சா விடுவீங்களா?"

"அவர் வீட்டுல பாட்டு அலறல. சோறு எங்க இருக்குன்னு சொல்றாரு."

"ஒருத்தருக்காக அத எடுத்தா ஊர்ல எந்தப் பெட்டியும் நிக்காது."

"ஒருத்தரா? அந்த மலை முழுக்க அப்படித்தான் பேசுவாங்க."

"கணக்குல ஒருத்தர்கூட இல்லக்கா. எல்லாம் பச்சை. நாம தப்புன்னு எழுதினாத்தானே அதுக்குத் தப்புன்னு தெரியும்?"

அது உண்மை. ஜொங்ஜி என்ற வார்த்தையில் அந்தப் பெட்டி ஒரு தவறுகூடச் செய்ததில்லை. நூற்றுக்கு நூறு.

"நான் சிவப்புப் போடறேன்."

"காரணம்?"

காரணங்கள் ஐந்து. இரைச்சல், தொலைக்காட்சி, வேறு ஆள், இருமல், வெற்றுப் பதிவு.

"ஊர்ப்பேச்சுன்னு ஒண்ணு இருந்துச்சே?"

"போன வருஷம் எடுத்துட்டாங்க. யாரும் தொடறதில்லன்னு." பியோ காப்பியைக் குடித்தான். "அவர புவொக்குன்னு சொல்லச் சொல்லலாம். ஆனா நாம வீட்டுக்காரங்ககிட்டப் பேசக்கூடாது. மாவட்டத்துல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க நம்பர நான் தரல. தண்ணி மெஷினுக்கு மேல ஒட்டியிருக்கு."

மாவட்டத்துப் பெண்ணின் பெயர் குவாக் மிஹ்யாங். வண்டி ஓட்டிக்கொண்டே பேசினாள்.

"எண்ணெல்லாம் சொன்னா எனக்கு ஆகாதும்மா. நூத்தி நாப்பது வீடு. என்ன பேசினாருன்னு சொல்லு, ஆளச் சொல்றேன்."

"சோறு ஜொங்ஜில இருக்குன்னாரு. ரொம்ப இருமறாரு."

"அட, தால்சொப் ஐயா! பெட்டிய எடுத்துட்டுப் போன்னு அவரே ரெண்டு தடவ சொல்லிட்டாரு. என்ன சொன்னாலும் வாய மூடிக்குதாம். பொண்டாட்டி நாப்பது வருஷம் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தது பத்தாதா, அவ போயி இது வேற வந்துச்சாங்கறாரு."

ஜொங்ஜி என்றால் பெட்டி நிறுத்து என்று எடுத்துக்கொள்வதையும் ஆறு மணிப் பட்டியலையும் ஹேரான் சொன்னாள். மறுமுனையில் வண்டி நின்றது.

"நானும் வீட்டுல ஜொங்ஜின்னுதான் சொல்வேன்," என்றாள் மிஹ்யாங். "அவர் எதிர்லயே எத்தன தடவ சொல்லியிருப்பேன். பெட்டிகிட்டப் பேசறப்ப மட்டும் புவொக்குன்னு வந்துடும். நாக்கு தானா மாறிக்கும். நாம மாத்திக்கறோம்னே தெரியறதில்ல."

"அவருக்கு மாறல."

"எழுபத்தொம்பது வயசு. எங்க மாறும்? சரி, பட்டியல்ல பேரு வராம நீ பாத்துக்கோ. வந்துடுச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. சாயங்காலம் அந்தப் பக்கம்தான் போறேன். வார்த்தைய நான் சொல்லித் தர்றேன்."

"விழற நேரத்துல அவர் வாயில எந்த வார்த்தை வரும்?"

"அத எங்கிட்டக் கேக்காதம்மா," என்றாள் மிஹ்யாங். வண்டி மறுபடி கிளம்பியது.

ஹேரான் இடத்துக்குத் திரும்பினாள். அதே பதிவு திரையில் காத்திருந்தது. சிவப்பை அழுத்தினாள். ஐந்து காரணங்களையும் பார்த்தாள். இருமல் என்பதைத் தொட்டாள். அவர் இருமியது உண்மை. அவர் சொன்னது அதனால் கேட்காமல் போனது என்பது பொய்.

தொடர் மறுப்பு: 0.

ஆறு மணிக்குப் பட்டியல் போனது. அவர் எண் அதில் இல்லை. இருபது நாள் கிடைத்திருந்தது. அவள் கீழே இறங்கி, பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். யாரோ பக்கத்தில் பேசினார்கள். காதில் விழவில்லை. அன்றைக்குக் கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்திருந்தாள்.

மறுநாள் அவர் வீட்டுப் பதிவுகள் முதலில் வருமாறு தேடி எடுத்தாள். முந்தின மாலை ஐந்தே காலிலிருந்து இருந்தன.

"ஐயா, இது பட்டணத்துல பொறந்தது. புவொக்குன்னு சொன்னாத்தான் இதுக்கு ஏறும்." மிஹ்யாங்கின் குரல்.

"என் வீட்டுல கெடந்து என் மின்சாரத்தத் திங்குது. என் பேச்ச இது கத்துக்கிட்டா கொறஞ்சா போயிடும்?"

"இதுக்கு ஒரு நாக்குதான் ஐயா."

"எனக்கென்ன ரெண்டா இருக்கு?"

"சொல்லுங்க. புவொக்."

"பு... வொக். வாந்தி எடுக்கற மாதிரி இருக்கு."

மிஹ்யாங் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"இப்ப அதுகிட்டச் சொல்லுங்க."

"புவொக்குல விளக்கப் போடு."

"புவொக் விளக்கைப் போடுகிறேன்," என்றது பெட்டி.

காலடி ஓசை அடுக்களைப் பக்கம் போய்த் திரும்பியது.

"போட்டுட்டானே," என்றார் தால்சொப்.

ஹேரான் பச்சையை அழுத்தினாள். மிஹ்யாங் போன பிறகு அவர் தனியாக ஏழு முறை சொல்லிப் பார்த்திருந்தார். போடு. அணை. போடு. அணை. ஏழும் சரி. ஏழுக்கும் பச்சை. ஒவ்வொன்றையும் இயல்பான வேகத்தில் முழுக்கக் கேட்டாள். பின்னால் பியோ இரண்டு முறை நடந்துபோனான்.

அடுத்தது காலை ஏழு நாற்பது.

"காலை வணக்கம். சாப்பிட்டீர்களா?"

போர்வை நகரும் ஓசை. தூக்கம் கலையாத குரல்.

"ம்... இனிமேத்தான். சோறு ஜொங்ஜில இருக்கு."

"சரி. நிறுத்துகிறேன்."

ஹேரான் மறுபடி ஓட்டினாள். தொடக்கத்திலிருந்து, சத்தத்தைக் கூட்டி. நேற்றெல்லாம் இருமிக்கொண்டிருந்த மனிதர் இன்றைக்கு ஒருமுறைகூட இருமவில்லை. பின்னால் தொலைக்காட்சி ஓடவில்லை. வேறு ஆள் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

இரண்டு நிறங்களும் திரையில் இருந்தன. அவள் இரண்டையும் தொடாமல் கண்ணைத் தேய்த்தாள். கீழே இன்னொரு பதிவு இருந்தது. ஏழு நாற்பத்தொன்று. அதைத் திறந்தாள்.

மூச்சு மட்டும் கேட்டது. அவர் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். குரலில் கோபம் இல்லை. வீட்டில் இருக்கும் இன்னோர் ஆளிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"ஏண்டா, நேத்து நல்லாத்தானே பேசின? ஜொங்ஜின்னா மட்டும் ஏன் வாய மூடிக்கிற?"