ஒன்பதாம் கேள்விக்குப் போட்ட டிக்

1

இந்தக் கதை ஒரு சதுரத்திலிருந்து பிறந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு இருக்கும். படிவங்களில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் டிக் போடுவதற்காக அச்சடித்து வைத்திருப்பார்களே, அது.

மாலை மொழி வகுப்பு ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார்: “இந்த நாட்டுக்கு வந்து நீங்கள் நிரப்பிய முதல் படிவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்.” மற்றவர்கள் மறுநாளே கொடுத்துவிட்டார்கள். நான் நான்கு மாதமாக எழுதுகிறேன், அதுவும் ஆசிரியையால் வாசிக்க முடியாத தமிழில்.

கைவிட்ட தொடக்கங்கள்:

‘புது நாட்டில் இறங்கிய மூன்றாம் நாள் காலை, தம்பி தன் அக்காவோடும் அத்தானோடும்—’ (காலை இல்லை. நாட்குறிப்பில் மதியம் இரண்டேகால் என்று இருக்கிறது.)

‘மருத்துவக் காப்பீடு என்பது—’ (கட்டுரை. யார் படிப்பார்கள்?)

‘அத்தானின் இடது கண்—’ (இல்லை. அங்கிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் தம்பி என்று வருகிறவன் நான்தான். முதல் மூன்று பிரதிகளில் இதை மறைத்திருந்தேன். இப்போதும் தம்பி என்றே எழுதப்போகிறேன். ‘நான்’ என்று எழுதினால் வரிக்கு வரி பேனா எனக்குச் சாதகமாகச் சாய்கிறது.

இன்னொன்று. அத்தானுக்குத் தெரியாத ஒரு விஷயம் தம்பிக்குத் தெரியும். அதைச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் கதை. வேறு மர்மம் எதுவும் இல்லை.

2

வாடகை வீட்டில் அப்போது மேசை வரவில்லை. பெட்டியைப் படுக்கப்போட்டு, அதன் மேல் அத்தானின் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தை விரித்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு வந்தவர். நசுங்கிய கதவுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும்போது, அது பழைய நிறத்தோடு ஒட்டிப்போகும்படி கலக்க வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர்.*

* சாம்பல் நிறத்தில் மட்டும் பதினேழு வகை இருப்பதாகச் சொல்வார். எனக்கு இரண்டுதான் தெரியும்: அழுக்கு, அழுக்கில்லை.

எட்டு கேள்விகளைத் தம்பி கிடுகிடுவென்று நிரப்பிவிட்டான். ஒன்பதாவது, ஏற்கெனவே உள்ள நோய்கள். பட்டியலில் நான்காவதாக நீரிழிவு.

“அதுல ஆமான்னு போட்டுடு. ஒன்பது வருஷமா சர்க்கரை இருக்கு” என்றார் அத்தான்.

“சும்மா இருங்க அத்தான். உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு? பழைய வியாதி இருக்குன்னு வாயைத் திறந்தாரு, பாலிசியே தர மாட்டேன்னுட்டாங்க.”

“அது அங்கடா.”

“இன்சூரன்ஸ்காரன் எங்க இருந்தாலும் இன்சூரன்ஸ்காரன்தான்.”

அக்கா சிரித்தாள். “நல்லவேளை நீ கூட வந்தே. இவருக்குப் பொய்யே வராது. என்கிட்ட பேசின முதல் நாளே, பேரைச் சொல்றதுக்கு முன்னாடி சர்க்கரை இருக்குன்னு சொன்ன மனுஷன்.”

“பின்னால தெரிஞ்சா திட்டுவியே.”

“இப்ப மட்டும் திட்டலையா?”

பெட்டிக்குள் ஒரு வருடத்துக்கான மாத்திரை இருந்தது. தீர்ந்தால், அங்கிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாம். இங்கே ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. தம்பி ‘இல்லை’யில் டிக் போட்டான். மை காய ஊதினான்.

(அந்த ஊதலை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது இல்லாவிட்டால் அவன் எவ்வளவு பெருமையாக இருந்தான் என்பது உங்களுக்குத் தெரியாது.)

3

இரண்டாம் பிரதியில் இந்தக் காட்சியை மாற்றியிருந்தேன். அதில் அத்தான்தான், “இல்லைன்னு போடு, வம்பு வேண்டாம்” என்பார். தம்பி தயங்கித் தயங்கி டிக் போடுவான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. தம்பி மேல் இரக்கம்கூட வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அத்தான் என் தட்டைத் தேடி, கொஞ்சம் தள்ளி மேசை மேல் கரண்டியைக் கவிழ்த்துவிட்டு, “அடடா, உனக்குப் பசிக்கலைன்னு நெனச்சேன்” என்று சிரித்தார். எழுந்துபோய் இரண்டாம் பிரதியைக் கிழித்துவிட்டேன்.

4

வந்து ஐந்தாம் மாதம், மாலை வகுப்பில் பதினான்காம் பாடம்: ‘கிளினிக்கில்’. ஆசிரியை டாக்டராக நடித்தார். வெல்டர் ஒருவர் நோயாளியாக நடித்து, தனக்கு எல்லா வியாதியும் இருப்பதாகச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தார். தம்பி கை தூக்கினான்.

“இத்தனை வியாதியைச் சொன்னால் காப்பீடு தர மறுக்க மாட்டார்களா?”

ஆசிரியைக்குக் கேள்வியே முதலில் புரியவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். இங்கே நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்தக் கேள்வி வடிகட்டுவதற்கு அல்ல, கவனிப்பதற்கு. நீரிழிவு என்று பதிந்தால் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணைப் படமெடுக்கக் கடிதம் வரும், கால்களைப் பார்ப்பார்கள், மருந்து தருவார்கள்.

“தவறாக நிரப்பியிருந்தால்?”

“கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.”

அன்றைய நாட்குறிப்பு: ‘கிளினிக் – 9ஆம் கேள்வி திருத்த. நாளை.’

தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த வாரம் முடிக்காத வேலைகளை அடுத்த வாரப் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு மாற்றி எழுதுவான். நூலக அட்டை வாங்கியாயிற்று. குளியலறை பல்பு மாற்றியாயிற்று. ‘கிளினிக் – 9’ மட்டும் அம்பிலிருந்து அம்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு ஞாயிறு, முப்பத்தெட்டு அம்பு. நான்கு முறை எண்ணிவிட்டேன்.

ஏன் போன் செய்யவில்லை? பொய் சொன்னதற்கு விசாவில் கைவைப்பார்களோ என்ற பயம் என்று முதல் பிரதியில் எழுதினேன். அது கால்வாசி உண்மை. மீதி இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் அக்கா, “படிவம்னா என் தம்பிகிட்ட குடுங்க, புலி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் புலி போய், அத்தான், நீங்க சொன்னதுதான் சரி, நான்தான்—

(இந்த வாக்கியத்தை முப்பத்தெட்டு வாரமும் முடிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.)

5

பதினான்காம் மாதம் அத்தான் வேலையிடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். “நூல் மாதிரி ஏதோ மிதக்குது. பெயின்ட் தூசியா இருக்கும்.” நான்கு நாள் கழித்து, இடது கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ இறங்கியது.

மருத்துவமனையில் தம்பிதான் மொழிபெயர்ப்பாளன்.

டாக்டர் திரையைப் பார்த்தார். “எத்தனை வருடமாக நீரிழிவு? இங்கே இல்லை என்று இருக்கிறதே. போன வருடம் படம் எடுத்திருந்தால் லேசரிலேயே ரத்தக் கசிவை நிறுத்தியிருக்கலாம்.”

தம்பி அதைத் தமிழில் சொன்னான். கடைசி வாக்கியத்தை விழுங்கப் பார்த்தான். “இன்னும் ஏதோ சொன்னாரே” என்றார் அத்தான். சொன்னான்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “பாஷை தெரியாம நான்தான் தப்பா போட்டுட்டேன்னு சொல்லு” என்றார்.

“அத்தான்—”

“சொல்லுடா. நீ இந்த நாட்டுல இன்னும் எத்தனையோ படிவம் போடணும்.”

தம்பி மொழிபெயர்த்தான். அவ்வளவு நீளமான வாக்கியத்தை ஒரு பிழையும் இல்லாமல் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் தலையாட்டி, படிவத்தை அங்கேயே திருத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

6

டிக் போட்டது யார் என்று அத்தானுக்குத் தெரியும். அறியாமல் செய்ததுதானே என்று மன்னித்துவிட்டார். அறிந்தபிறகும் முப்பத்தெட்டு வாரம் சும்மா இருந்தது அவருக்குத் தெரியாது. அவர் மன்னித்தது வேறொரு தம்பியை.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) தம்பி சொல்கிறான். அத்தான் சிரித்து முதுகில் தட்டுகிறார். (இதை எழுதிய கையோடு அடித்துவிட்டேன். அவரிடம் மன்னிப்பை இன்னும் ஒரு முறை வாங்கிக்கொள்வது போலிருந்தது.)

(ஆ) தம்பி சொல்கிறான். அத்தான் எழுந்து போகிறார். அக்கா அதன்பிறகு யாரிடமும் புலி என்று—

(இ) சொல்லவில்லை. அத்தானுக்கு இப்போது ஒர்க்‌ஷாப்பில், பெயின்ட் படக்கூடாத இடங்களில் காகிதம் ஒட்டும் வேலை. நிறம் கலக்க வேறு ஆள் வந்தாயிற்று. தம்பி ஞாயிறுதோறும் அம்பு போடுகிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தான் அறைக்கு வந்தார்.

“நாலு மாசமா என்னடா எழுதுற?”

“கதை, அத்தான்.”

“யாரைப் பத்தி?”

“ஒரு படிவத்தைப் பத்தி.”

“அதுல கதை என்ன இருக்கு? சரி, பெரிய எழுத்துல எழுதிக் குடு. வலது கண்ணு நல்லாத்தானே இருக்கு, நானே படிச்சுக்கறேன்.”

அதனால் இந்த ஐந்தாம் பிரதியை, முதல் வரியிலிருந்து, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். முடித்துவிட்டேன். மேசையில் இருக்கிறது. அடுத்த அறையில் அவர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். எழுந்திருக்க இன்னும் கால்மணி நேரம்.

வாசகருக்கு ஒரே ஒரு கேள்வி.

தம்பி இந்தத் தாள்களை அத்தானிடம் கொடுத்தானா?

☐ ஆம்  ☐ இல்லை

நீங்களே போடுங்கள். என் கையால் போட்ட டிக் ஒன்று போதும்.