ஆகுற படிப்பு

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடம் கடல். அடுத்தது ரயில். கொடைக்கானல் மலையில் பள்ளங்கி ஊருக்கு மேலே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததெல்லாம் காட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள். இரண்டையும் கண்ணால் கண்டதில்லை. உருளைக்கிழங்கு தோண்டும் காலம் வந்தால் வகுப்பே காலி. புத்தகம் எழுதிய மகராசன் மெட்ராஸில் கடற்காற்று வாங்கிக்கொண்டு எழுதியிருப்பான். மலை அவனுக்கு எங்கே தெரியும்?

பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் மூன்றாம் வகுப்பு செல்வமேரி டீச்சர் சொந்தமாக ஒரு பாடத்திட்டம் போட்டாள். நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள். செல்வமேரி கடலையும் ரயிலையும் தூக்கி அலமாரியில் வைத்தாள். கிழங்கு, பூண்டு, பனியில் பயிர் கருகுவது, இவற்றை வைத்தே எழுத்தும் கணக்கும். தோண்டும் காலத்தில் பள்ளிக்கு விடுமுறை. வீசை போய்க் கிலோ வந்த சமயம் அது. புது எடைக்கல்லைக் கண்டு பெரியவர்களே முழித்தார்கள். அவள் தராசையே வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

பிறகு குடிசை குடிசையாக ஏறி இறங்கினாள். "ஒங்களுக்கு ஆகுற படிப்பத்தாங்க சொல்லித் தரப்போறேன். பிள்ளைய அனுப்புங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அனுப்பினார்கள். "கல்லுல நார் உரிச்சிட்டடி" என்று நானே கேலி செய்தேன்.

எல்லோரிலும் சூட்டிகை பிச்சையம்மாளின் மகள் ராக்காயி. வீசையைக் கிலோவாக்கி வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவாள். அவளை ஐந்தாவது வரை கரையேற்றி, கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகளின் ஹாஸ்டலில் சேர்த்து, ஒரு டீச்சராக்கிவிட வேண்டும் என்று செல்வமேரிக்கு ஆசை. ஜெபத்தில் தன் பெயரை விட்டாலும் அவள் பெயரை விடமாட்டாள்.

மூன்றாவது முடிந்த கையோடு பிச்சையம்மாள் ஒரு கூடை கிழங்கோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், ஒங்க புண்ணியத்துல மொதலாளி ராக்காயிய எடை போடுற சோலிக்கு வச்சுக்கிட்டாருங்க. எம்மாதிரி மம்பட்டி புடிக்க வேண்டாம், நெழல்ல நிக்கலாம். நாளைக்கு வெள்ளனே வரச் சொல்லியிருக்காரு."

செல்வமேரியின் முகம் செத்துவிட்டது. "இன்னும் ரெண்டு வருசம் படிக்கட்டும் பிச்சையம்மா. படிக்க எவ்வளவோ கெடக்கு."

"என்ன டீச்சர் கெடக்கு?"

"கடல் இருக்கு, ரயில் இருக்கு..."

"அத வச்சு நாங்க என்னங்க செய்யப்போறோம்? ஆகுற படிப்புன்னு நீங்கதான சொன்னீங்க. ஆயிருச்சுங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. மனசாரச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதுதான் பொறுக்க முடியவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் செல்வமேரி ஜெயித்திருப்பாள். நன்றி சொல்ல வந்தவளிடம் என்ன பேசுவது? அந்தக் கிழங்கை நாங்கள் சமைக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று, கீழே கிழங்குக் கொட்டகையில் ராக்காயி எடை சொல்லும் குரல் வகுப்பு வரை கேட்டது. தெளிவான குரல். ஒரு பிசகு இல்லை. செல்வமேரி ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, கடல் பாடத்தை எடுத்தாள்.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், இது எதுக்கு ஆகும்?"

"எதுக்கும் ஆகாது கண்ணு" என்றாள் செல்வமேரி, அழுதுகொண்டே. "வாசி."