கழுவாத கரண்டி

தாம்பாளம் பளபளவென்று இருந்தது. அதுதான் வினையாகிப் போனது.

"யாரு ஆத்தா உன்னயக் கழுவச் சொன்னது?" கத்திய வேகத்தில் முதலாளி சேவுகப்பெருமாளுக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் பச்சைக்குத்தான அந்தம்மா சென்னையிலருந்து காரெடுத்து வருது!"

சின்னத்தாயியின் விரலிடுக்கில் இன்னும் புளி ஒட்டியிருந்தது. வலையபட்டியில் ஒரு வீட்டுப் பரணில் நாற்பது வருஷம் கிடந்த பித்தளைத் தாம்பாளம் அது. பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி வந்தது. பார்ட்டி வருது, ரெடி பண்ணி வை என்று நேற்று முதலாளி சொன்னார். ரெடி பண்ணுவதென்றால் அவளுக்குத் தேய்ப்பதுதான். பதினாறு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். காரைக்குடியில் இந்தப் பழம்பொருள் கடைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது.

"அழுக்கா இருந்துச்சு மொதலாளி..."

"அழுக்குக்குத்தான் இங்க மதிப்பே. பதினோரு மணிக்கு வருவாக. அதுக்குள்ள பச்சை வரணும். வரலேன்னா சாயங்காலம் ரூமக் காலி பண்ணிரு."

ரூம் என்பது குடோனுக்குப் பின்னால் ஒற்றை அறை. வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். உள்ளே இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் அவள் புருஷன் மலையாண்டி கிடந்தான். மகள் செந்தாமரைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை இன்னும் மூன்று பாக்கி.

உப்பைக் கரைத்து ஊற்றினாள். மோரை ஊற்றி வெயிலில் வைத்தாள். பக்கத்துத் தொழுவத்துக்கு ஓடி மாட்டு மூத்திரத்தை ஏந்தி வந்து பூசினாள். நாற்பது வருஷத்துக் களிம்பு இரண்டு மணி நேரத்தில் எங்கிருந்து வரும்? நாற்றம்தான் வந்தது.

பதினோரு மணிக்குச் சென்னைக் காரில் ரோகிணி மேடம் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"புதுசு மாதிரி ஆயிடுச்சே! இது பாத்திரக் கடையிலயே கிடைக்குமே சார். ஹால்ல மாட்ட, வேற எங்கயும் பாக்க முடியாத மாதிரி ஒண்ணு வேணும்னுதானே கேட்டேன்."

சேவுகப்பெருமாள் சின்னத்தாயியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ரூம் சாவி தெரிந்தது.

"அம்மா, அழுக்கோட வேற ஒண்ணு இருக்கு," என்றாள் சின்னத்தாயி. "கொத்துக்கரண்டி. பூசுன சிமிட்டி ரெண்டு வருசமா அப்புடியே காஞ்சு கெடக்கு. பிடியில வெரல் பதிஞ்ச தடம் இருக்கு."

ரோகிணி மேடம் திரும்பினார். "நிஜமாவா? அப்படியே எடுத்துட்டு வாங்க. இங்கயே பிரேம் போட்டுக்கறேன்."

"ஓடு ஆத்தா. இது முடிஞ்சா நீ ரூம்லயே கெட," என்ற முதலாளி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "கழுவிக்கிழுவித் தொலச்சிராத!"

அறையில் மலையாண்டியின் கட்டிலுக்கு எதிரே ஆணியில் தொங்கியது கரண்டி. கல்லல் ஊரில் கொத்து வேலையின்போது இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து அவன் விழுந்த அன்று கையில் இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் கரண்டியைக் கழுவாமல் அவன் டீ குடித்ததில்லை. அன்றைக்கு மட்டும் கழுவவில்லை. அவள் சுரண்டப் போனபோதெல்லாம் தடுத்தான். 'கை வைக்காத. நான் எந்திரிச்சு வந்து நானே கழுவிக்கிருவேன்.'

ஆணியிலிருந்து எடுத்தாள்.

"எங்குட்டு கொண்டு போற?"

"ஒரு அம்மா கேக்குறாக."

"கொத்தனாரு பொண்டாட்டியா?"

"இல்லீக. செவுத்துல மாட்டவாம்."

மலையாண்டி சிரித்தான். "செவுத்தக் கட்டுறதப் போயிச் செவுத்துல மாட்டுவாகளா? கிறுக்குப் பிடிச்சிருக்கா?" அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு நின்றது. "குடுக்கலேன்னா?"

"இன்னைக்கே வெளிய போகச் சொல்றாரு."

அவன் போர்வைக்கடியில் கிடந்த தன் கால்களைப் பார்த்தான்.

"சரி. கழுவிக் குடு," என்றான். "சிமிட்டி ஒட்டுன கரண்டிய ஒருத்தர் கையில குடுத்தா, இவன் என்ன கொத்தனாருன்னு காறித் துப்புவாக."

உள்ளே அவனுக்குச் சத்தம் கேட்கட்டுமென்று வாசலில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெறும் தரையில் விழுந்து ஓடியது. கரண்டியை ஒரு சொட்டும் படாமல் முந்தானைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிடி இடுக்குலயும் தேச்சியா?" உள்ளேயிருந்து மலையாண்டி கேட்டான்.

"தேச்சிட்டேன்," என்றாள். குழாயை மூட மட்டும் கை வரவில்லை.