லோஹார் ஜுசப்பை விட்டுப் போன ஓசை

தில்லியில் விருது வாங்கித் திரும்பிய வாரம் இரும்புக் கொல்லரான லோஹார் ஜுசப்பின் உடலை விட்டு ஓசை போயிற்று. செருப்பு தரையில் பட்டால் சத்தமில்லை. இருமினால் தோள் மட்டும் குலுங்கியது. சுத்தியலால் தகட்டை அடித்தார். தகடு வளைந்தது, ஓசை எழவில்லை. பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய கோடையில் ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு நிழல் விழுந்து, மழைக்குப் பின் சரியாகியிருந்தது. ஜுசப் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் எருமைகள் மிரண்டு பால் குடத்தை உதைத்தன என்பதுதான் குறை.

அவர் மாட்டு மணி செய்பவர். புஜ் நகருக்கு வடக்கே பன்னி என்னும் புல்வெளியில் எருமைகள் இரவில் தாமாக மேயப் போகும். யார் மந்தை எங்கே நிற்கிறது என்பதை மணியால்தான் அறிவார்கள். வீட்டுக்கு ஓர் ஓசை உண்டு. மகன் தனிக்குடித்தனம் போனால் அவன் மந்தைக்குத் தகப்பன் ஓசையிலிருந்து சற்றே விலகிய ஓசை. ஜுசப் இரும்புத் தகட்டை வெட்டி வளைத்துப் பூட்டுவார். மனைவி ஹூர்பாய் செம்புப் பொடி தூவி, மண் குழைத்துப் பொதிந்து, சூளையில் வைப்பார். மண் கனத்தால் ஓசை மந்தம், மெலிந்தால் கீச்சு. வெந்து வந்ததை ஜுசப் விளிம்பில் தட்டி வீட்டோசைக்குக் கொண்டுவருவார். தில்லி மேடையில் ஓர் அம்மையார் இந்த மண் வேலை யாருடையது என்று கேட்டார். எல்லாம் நானே என்றார் ஜுசப். வீட்டில் இருப்பவர் என்ன செய்வார் என்றதற்கு, ரொட்டி சுடுவார் என்றார். அரங்கம் சிரித்தது, அவரும் சிரித்தார். பக்கத்து வீட்டுக் கைபேசியில் ஹூர்பாய் அதைப் பார்த்தார். திரும்பி வந்தவருக்குக் கம்பு ரொட்டியும் மோரும் வைத்தார்.

மழைக்கு முன் எருமை மேய்ப்பர் பக்ஷு ஜத்தின் மந்தைக்கு மணிகள் முடிய வேண்டும். ஜுசப் கையில் ஒன்றும் ஒலிக்கவில்லை. பக்ஷுவே வந்துவிட்டார்.

“என்ன ஜுசப் பாய், மெடலைக் குடுத்துட்டு சத்தத்தைப் புடுங்கிக்கிட்டாங்களா?”

“தில்லி ஏ.சி. குளிரு ஒத்துக்கல.”

“குளிரு காதுல ஏறும். சுத்தியல்லயா ஏறும்? மழை வந்துரும்யா. மணி இல்லாம அவுத்து விட்டா, என் எருமைய நான் எங்க போய்த் தேடுவேன்?”

ஜுசப் மனைவியைப் பார்த்தார்.

“அவருக்கென்ன, எல்லாம் அவரே செய்வாரு,” என்றார் ஹூர்பாய். “நான் ரொட்டி சுடப் போறேன்.”

“நில்லு,” என்றார் ஜுசப். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். “பக்ஷு, நான் மேடையில பொய் சொன்னேன். மண்ணு பூசுறது இவ. ஓசையில பாதி இவளோடது. விருதைப் பங்கு போட்டுருவாங்களோன்னு மறைச்சேன்.”

“பாதின்னு யாரு அளந்தது?” என்றார் ஹூர்பாய்.

பக்ஷு தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். ஜுசப் மணியைத் தட்டினார். ஓசை வரவில்லை. ஹூர்பாய் சுத்தியலை வாங்கி விளிம்பில் தட்டத் தொடங்கினார். மாலைக்குள் பக்ஷு தன் வீட்டு ஓசையைக் கேட்டுத் தலையாட்டினார்.

ஜுசப் விருதாகக் கிடைத்த செப்புப் பட்டயத்தை எடுத்துக்கொண்டு புஜ் கைவினை அலுவலகத்துக்குப் போய், மனைவி பெயரையும் சேர்க்கக் கேட்டார். ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார்கள். அங்கேயே மேசையில் வைத்து, தன் பெயருக்கு மேலே ஹூர்பாயின் பெயரை உளியால் பொறித்தார். அவர் சுத்தியலடிக்கு ஓசை இல்லாததால் அடுத்த அறையிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை. அதன்பின் மணி கேட்டு வந்த நகரத்துக் கடைக்காரர்களுக்கு இரண்டு பேர் கூலி சேர்த்த விலையும், மணியில் தொங்கும் சீட்டில் இரண்டு பெயர் போட வேண்டும் என்பதும் சொல்லப்பட்டன. சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் கொடுத்தார்கள். ஹூர்பாய் ஓசை சேர்த்தார். ஜுசப் மண் குழைக்கப் பழகினார். முதல் இரண்டு சூளையிலும் அவர் பூசிய மண் வெடித்தது.

மூன்று மழை போயும் ஓசை திரும்பவில்லை. ஒருநாள் இருட்டில் அவர் நடப்பது வண்டிக்காரருக்குக் கேட்காமல் ஓர் ஒட்டக வண்டி அவரை உரசிக்கொண்டு போயிற்று. ஹூர்பாய் எந்த மந்தைக்கும் இல்லாத ஓசையில் சிறு மணி ஒன்று செய்து, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஜுசப் அதை வாங்கிக் கழுத்தில் கட்டினார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூரில் அந்த ஓசை கேட்டால் பால் கறக்கும் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை மணியைக் கழற்றிப் பள்ளிவாசல் படியில் செருப்போடு வைக்கிறார். தொழுகை முடிந்ததும் யாராவது எடுத்துக் கட்டிவிடுகிறார்கள்.