செங்கமலம் முழுகடித்த படகு

1

இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. செலியமேட்டில் ஒரு கல்யாணம். சாம்பார் ஊற்றும்போது பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "பிரெஞ்சுக்காரன் காலத்துல பாகூர் ஏரில ஒருத்தி தொரையோட பாய்ப்படக முழுவடிச்சிட்டா, தெரியுமா ஒனக்கு?" என்றார். நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் ரசம் வந்துவிட்டது. ரசத்தோடு அவர் பேச்சு மருமகன் பக்கம் திரும்பிவிட்டது. கை கழுவும் இடத்தில் தேடினேன், ஆள் இல்லை.

ஆக, என்னிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். மீதி எல்லாம் என் கைச்சரக்கு. இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'நீல வானத்தின் கீழ் வெண்ணிறப் பாய் ஓர் அன்னத்தைப் போல...'

(அடித்தாயிற்று. அன்னத்தை நானும் பார்த்ததில்லை, பாகூர் ஏரியும் பார்த்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'கொடிய துரையைப் பழிவாங்கத் துடித்த செங்கமலம், உளியை இடுப்பில் செருகிக்கொண்டு...'

இது இரண்டு பக்கம் ஜோராக ஓடியது. கூலிக்காரி வீட்டில் உளி ஏது என்று யோசித்தபோது நின்றது. அந்த வாரம் ஏம்பலத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். அங்கே ஒரு குளத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் இரண்டு ஊறிக் கிடந்தன. கோடையில் மரம் சுருங்கி இரும்புப் பட்டை ஆட்டம் கொடுக்கும். தண்ணீரில் போட்டால் மரம் உப்பி இறுகிக்கொள்ளும். எனக்குத் தலையில் குட்டியது மாதிரி இருந்தது. அடப்பாவி, அந்தப் பெண் படகை அழிக்கவில்லையடா!

பழைய இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். கதை இங்கேதான் தொடங்குகிறது.

3

செங்கமலத்தின் புருஷன் கண்ணையன். பாகூர்க்காரன், நெல்வயலில் கூலி வேலை. புதுச்சேரியில் இருந்த முசே வித்தால் ('முசே' என்றால் பிரெஞ்சில் 'ஐயா') என்ற பிரெஞ்சுக்காரர், ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் வந்து தன் சின்னப் பாய்ப்படகை விடுவார். அதைப் பார்த்துக்கொள்ளக் கண்ணையனை வைத்தார். கரையில் படகுக்கு ஒரு கொட்டகை, அதன் பின்னால் இவர்களுக்கு ஒரு குடிசை. படகு இருக்கிற வரைக்கும்தான் குடிசை. அதற்கு முன்னால் ஆறு வருஷம் அவர்கள் அடுத்தவர் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் படுத்தவர்கள்.

கண்ணையனை முதலில் கொஞ்சம் மந்தமாக எழுத நினைத்திருந்தேன். கதைக்குச் சிரிப்பு வேண்டாமா? முடியவில்லை. பாய்மரத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் முன்னாலும் கம்பிக் கயிறுகளை இழுத்துக் கட்டியபின், விரலால் சுண்டிப் பார்ப்பான். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே சத்தம் தரும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவான். கயிற்று நுனி பிரியாமல் நூல் சுற்றுவான், ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறாது. பாயை ஈரத்தோடு மடிக்கவே மாட்டான். நான் முப்பது வருஷமாக எழுதுகிறேன், என் வாக்கியம் ஒன்றைக்கூட இப்படி இழுத்துக் கட்டியதில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது.

4

1936 தை மாதம் முசே பத்து மாத விடுப்பில் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். ஏரி வற்றியது. கண்ணையன் படகைக் கொட்டகையில் ஏற்றி, கீற்று மறைத்து, தினமும் துடைத்துக் காயவைத்தான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான். நெல்லைப் பாதுகாத்துப் பழகியவன் எதையும் ஈரம் அண்டாமல்தான் பாதுகாப்பான்.*

* இந்தத் தப்பை நானாக இருந்தாலும் செய்திருப்பேன். நீங்களும்தான்.

ஐப்பசி முதல் மழையோடு கடிதம் வந்தது. கார்த்திகை பிறந்ததும் வருகிறார், வந்த அன்றே படகு விட வேண்டுமாம். கண்ணையன் கீற்றை விலக்கிப் பார்த்தான். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஈர்க்குச்சி தாராளமாக நுழைந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து, குங்கிலியம் காய்ச்சிப் பஞ்சில் தோய்த்து இடுக்கெல்லாம் அடைத்துவிடலாம் என்றான்.

செங்கமலம் ஏம்பலத்தில் கரும்பு வண்டி ஓட்டியவரின் மகள். இடுக்கில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"அடைக்காத. மரம் உப்பும்போது உள்ள இருக்கறது தள்ளும், பலகை பொளந்துக்கும். வண்டிச் சக்கரத்த இன்னா பண்ணுவாங்க? அத்தப் பண்ணு."

"படக முழுவடிக்கச் சொல்றியாடி?"

"முழுவடிக்கத்தான் சொல்றன்."

5

மதகடியில் இடுப்பளவுத் தண்ணீர் சேர்ந்திருந்தது. கல் வைத்தால் பலகை கீறும் என்று கண்ணையன் கோணியில் மணல் கட்டினான். இரண்டு பேருமாகப் படகை இழுத்துப் போய், கோணிகளை உள்ளே அடுக்கி அமிழ்த்தினார்கள். பன்னிரண்டு நாள் கிடக்கட்டும் என்று செங்கமலம் நாள் குறித்தாள்.

ஆறாம் நாள் முசேயின் குமாஸ்தா உலகநாதன் வந்தார். கொட்டகை காலி, படகு தண்ணீருக்குள். (இவரை வில்லனாக்க மாட்டேன். படகு போனால் இவர் வேலையும் போகும்.) இப்போதே மேலே தூக்கு என்றார். பாதி உப்பின படகைத் தூக்கினால் கட்டாயம் ஒழுகும். செங்கமலம் தண்ணீரில் இறங்கிப் படகுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நான்தான் முழுவடிச்சன். இன்னும் ஆறு நாளு கெடக்கணும். ஒழுவிச்சின்னா என்னத் தொரத்துங்க, அவர வுட்டுடுங்க."

கண்ணையன் என்ன சொன்னான்? மூன்று வரைவிலும் அவனைப் பேசவைத்துப் பார்த்தேன், மூன்றிலும் பொய்யாக இருந்தது. அவன் குனிந்து, ஏற்கெனவே முடிந்திருந்த ஒரு கயிற்றை மறுபடி முடிந்துகொண்டிருந்தான்.

ஒழுகினால் அன்றைக்கே குடிசையைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டு உலகநாதன் போனார். முசேவுக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் தன் தலையும் உருளும்.

6

பன்னிரண்டாம் நாள் தூக்கினார்கள். கண்ணையன் பாய்மரம் நிறுத்தினான், கம்பியைச் சுண்டினான், பாயை ஏற்றி இறக்கிப் பார்த்தான். முசே வந்தார். அவனைக் கூட ஏற்றிக்கொண்டு, நிறைந்து கிடந்த ஏரியில் முழுதாக ஒரு சுற்றுப் போய் வந்தார். கரை தட்டியதும் அடிப்பலகைமேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

ஒழுகவில்லை. இதை மறைத்து வைத்து உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசு வரவில்லை. அவள் பன்னிரண்டு நாள் என்றால் பன்னிரண்டு நாள்தான். என்ன பெண்ணய்யா!

முசே தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "கண்ணையா, பத்து மாசம். சொட்டு தண்ணி இல்லை. எப்படி செஞ்சே?"

உலகநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த செங்கமலத்தின் கை நின்றது. உண்மையைச் சொன்னால் படகை முழுகடித்ததையும் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டு இந்த மனிதர் குதிப்பாரோ மெச்சுவாரோ, யார் கண்டது? குடிசை நிலைக்கும் என்று இன்னும் உறுதியில்லை.

முடிவு ஒன்று: "தெனம் தொடச்சனுங்க" என்கிறான். முசே கை குலுக்குகிறார். (எழுதினேன். இந்தக் கைகளை இத்தனை மெச்சிவிட்டு அவற்றுக்கு இந்தப் பொய்ப் பெயரைக் கொடுக்கக் கூசியது.)

முடிவு இரண்டு: "செஞ்சது அவதாங்க" என்று கரையைக் காட்டுகிறான். அவளைக் கூப்பிட்டுப் படகில் உட்காரவைத்து, பாயை ஏற்றி, இருவருமாக ஏரியின் நடுவே... (எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதனால்தான் சந்தேகப்பட்டு அடித்தேன். போன வாரம் வாய் திறக்காதவன் இவன்.)

முடிவு மூன்று: கண்ணையன்

இல்லை, நான் எழுதப் போவதில்லை. அவன் வாயைத் திறந்துவிட்டான், முசே காத்திருக்கிறார். அவனுக்கான பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். உரக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. செங்கமலம் ஐந்தடி தூரத்தில்தான் நிற்கிறாள்.