அச்சடித்தவனின் பெயர்

அருட்பிரகாசம் எப்படிப்பட்டவர் என்று பாசல் நகரத்துத் தமிழ்ச் சனத்திடம் கேட்டுப் பாருங்கள். "தங்கமான மனுசன்" என்பார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் கதையை மாற்றிவிடுவார். ஏன் என்று அவருக்குத் தெரியும், அவருடைய மனைவி றஞ்சினிக்குத் தெரியும், இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும். தெரியவேண்டிய ஆளுக்கு மட்டும் தெரியாது.

பகலில் அவருக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. மிச்ச நேரத்தில் வீட்டில் ஒரு கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு தமிழில் எழுத்துக் கோத்துக் கொடுப்பார். சாமத்தியச் சடங்கோ, மாதா திருநாளோ, மரண அறிவித்தலோ, அந்த ஊரில் தமிழில் எது அடித்தாலும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும்.

தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஜெபநேசன் ஒரு தாளோடு வந்தார். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார். ஊரில் இயக்கத்துக்கு மாறாகக் கதைத்த குற்றத்துக்காக எங்கள் சனத்தை நாங்களே ஏன் சுடுகிறோம், அதைக் கேட்டுவிட்டு இங்கே ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். கீழே பெயர் இல்லை. அருட்பிரகாசம் வாசித்துவிட்டு, "மாஸ்டர், நெஞ்சிலை இருந்ததை எழுதியிருக்கிறியள்" என்று சொல்லி அடித்துக் கொடுத்தார். அதுவரைக்கும் அவர் தங்கம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

அடுத்த கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் துவக்கு வைத்திருந்தவர்களுக்காக இங்கே பொறுப்பு வகித்தவர்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, மரியாதையாகத்தான் உட்கார்ந்தார்கள். "அண்ணை, இது உங்கட கைவேலை எண்டு தெரியும். எழுதினது ஆர்?" என்றார்கள். "ஜெபநேசன் மாஸ்டர்" என்றார் இவர். அவ்வளவுதான். றஞ்சினி அடுப்பில் வைத்த தேத்தண்ணி கொதிக்கக்கூட இல்லை.

பத்தாம் நாள் ஜெபநேசனை ட்ராம் தரிப்பில் வைத்து அடித்தார்கள். வலது கையில் இரண்டு விரல் முறிந்தது. அருட்பிரகாசம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி ஜெபநேசன் சொன்னதைக் கேளுங்கள்: "அண்ணை, உங்களிட்டையும் வந்திருப்பாங்கள். நீங்கள் வாய் திறந்திருக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்." அட, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இந்த மனுசன் தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதிலிருந்து ஜெபநேசன் போகிற இடமெல்லாம் இவரைப் புகழ்ந்தார். றஞ்சினி சண்டை பிடித்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். யாராவது வீட்டுக்கு வந்து "அண்ணை" என்று கூப்பிட்டால், அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

இரண்டு வருடம் இப்படியே போனது. தொண்ணூற்றி ஆறில் ஃப்ராவ் செல்வேகர் கூப்பிட்டு அனுப்பினா. அகதியாக வந்த புதிதில் இவருக்கு ஜேர்மன் படிப்பித்த கிழவி. குவேக்கர் என்கிற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவ. அவர்களுடைய ஆராதனை நம்முடையதைப் போல இல்லை. பாட்டு இல்லை, பூசை இல்லை, சாமியாரும் இல்லை. ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பார்கள், யாருக்காவது சொல்ல ஏதும் இருந்தால் எழும்பிச் சொல்வார்கள். அருட்பிரகாசம் ஒரே ஒரு தடவை போய் இருந்து பார்த்தார். அந்த மௌனத்தில் தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டு வெருண்டு, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

எழுதியதற்காகத் துன்பப்பட்ட தங்கள் முன்னோரைப் பற்றிச் சபையார் ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். அகதிகளின் மொழிகளிலெல்லாம் ஒரு சின்னப் பிரசுரம் வேண்டுமாம். தமிழுக்கு இவர்தான். "ஓம்" என்று தலையாட்டிவிட்டு நாலு பக்கத்தை வாங்கி வந்தார்.

முந்நூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கதை. குவேக்கர்கள் அரசனுக்கும் தொப்பி கழற்றவில்லை, நீதிமன்றத்தில் சத்தியம் செய்யவும் மாட்டோம் என்றார்கள். உண்மை பேசுகிறவனுக்குச் சத்தியம் எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. அதையெல்லாம் மலிவுத் தாளில் அடித்துச் சந்தையில் விநியோகித்தார்கள். அதிகாரிகள் அச்சுக்கூடத்தை உடைத்தார்கள், தாளைக் கொளுத்தினார்கள், எழுதினவர்களைச் சிறையில் அழுகவிட்டார்கள். நாலாம் பக்கத்தில் ஆக்னஸ் என்கிற நெசவுகாரி வந்தாள். அவளுக்குச் சவுக்கடி கொடுத்து, அச்சடித்தவன் யார் என்று கேட்டார்களாம். அவள் சொன்ன மறுமொழியைத் தமிழாக்க அருட்பிரகாசத்துக்கு மூன்று நாள் பிடித்தது. ஜேர்மன் கஷ்டம் என்றா நினைக்கிறீர்கள்? பச்சைப்பிள்ளைக்கும் விளங்குகிற ஜேர்மன்.

"எழுதினவள் நான். கீழே என் பெயர் இருக்கிறது. அச்சடித்தவனின் பெயர் என்னுடைய பொருள் அல்ல, உங்களுக்கு எடுத்துத் தர."

அதை அடித்து முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிழவி கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "உங்கள் பெயர் இதில் எங்கே இருக்கிறது? எழுதினவர் பெயர் போடுவது எங்கள் வழக்கம். மொழிபெயர்த்தவருக்கும் அதுதான்."

"வேண்டாம், ஃப்ராவ் செல்வேகர். தமிழ்ச் சனம் ஒரு மாதிரி."

கிழவி வற்புறுத்தவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தா. இவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

கண்காட்சியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிழவி நல்ல மனதோடு ஒரு கட்டுப் பிரசுரத்தைக் கொண்டுபோய் இராஜசிங்கத்தின் தமிழ்க் கடையில் வைத்துவிட்டா. வெள்ளிக்கிழமை அருட்பிரகாசம் முருங்கைக்காய் வாங்கப் போனபோது இராஜசிங்கம் கல்லாவுக்கு மேலால் குனிந்தார்.

"அண்ணை, பாத்தியளே? மாஸ்டர் திரும்பத் துவங்கிட்டார்."

"என்ன துவங்கினவர்?"

"இதுதான். குவேக்கராம், இங்கிலாந்தாம். ஆருக்குக் காது குத்துறார்? எழுதினவனைப் பிடிச்சு அடிச்சது, தாளைக் கொளுத்தினது எல்லாம் எங்கட ஆக்களைத்தானே சொல்லுறார். பேரும் போடேல்லை, போனமுறை மாதிரி. இங்கை பொறுப்பா இருக்கிறவையளும் வந்து ரெண்டு எடுத்துக்கொண்டு போட்டினம். ஒருக்கா வாங்கினது காணாதாக்கும் மனுசனுக்கு."

'அது நான் எழுதினது' என்று சொல்ல மூன்று சொல் போதும். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். "அப்பிடியோ" என்றார் அருட்பிரகாசம். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மானம் கெட்ட வாய், சாப்பிட மட்டும் திறந்தது.

சனிக்கிழமை முழுவதும் ஜெபநேசனுக்கு ரெலிபோன் எடுக்கப் பார்த்தார். நம்பரின் கடைசி இலக்கத்தை அமத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் வைத்துவிட்டார். ஞாயிறு பின்னேரம் ஜெபநேசனே வந்து மணி அடித்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியின் நடுவில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"இருங்கோ மாஸ்டர், இருங்கோ. என்ன இது?"

"ஒரு அறைதான் அண்ணை. நேற்று வேலையாலை வரேக்கை ரெண்டு பேர் மறிச்சாங்கள். இது நீயோ எழுதினது எண்டு கேட்டாங்கள். இல்லை எண்டன். அப்ப ஆர் எண்டாங்கள். தெரியும், ஆனால் சொல்லமாட்டன் எண்டன்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஜெபநேசன் சிரித்தார். "ஜேர்மனும் தெரிஞ்சு, பிழையில்லாமல் தமிழும் எழுதக்கூடியவை இந்த ஊரிலை எத்தினை பேர்? நல்லா எழுதியிருக்கிறியள் அண்ணை. அந்த நெசவுகாரியின்ர மறுமொழியை நாலுதரம் வாசிச்சன்."

றஞ்சினி குசினிக் கதவடியில் வந்து நின்றாள். இந்த முறை அவள் உள்ளே திரும்பிப் போகவில்லை.

"அறைஞ்ச பிறகு நான் சொன்னன்," என்றார் ஜெபநேசன். "போனமுறை என்ர பெயரைச் சொல்லாமல் ஒரு மனுசன் நிண்டவர், அந்த மனுசனிட்டைப் படிச்சனான், அடிச்சுச் சாகடிச்சாலும் என்ர வாயிலை வராது எண்டன். அண்ணை, அதைக் கேட்டுட்டு ரெண்டு பேரும் சிரிச்சாங்கள். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாங்கள். அடிக்கிறதையும் மறந்து சிரிச்சுக்கொண்டே போட்டாங்கள். இரவு முழுக்க யோசிச்சுப் பாக்கிறன், இதிலை சிரிக்க என்ன கிடக்கு எண்டு."

அருட்பிரகாசத்துக்குக் காது இரண்டும் எரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார். மூன்றாம் மாடி, பூமி எங்கே பிளக்க?

"மாஸ்டர், போனமுறை உங்கட பெயரைச் சொன்னது நான்தான்."

ஜெபநேசன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உங்களுக்கும் அடிச்சவங்களோ அண்ணை?"

"இல்லை."

"பிள்ளையளைச் சொல்லி வெருட்டினவங்களோ?"

ஓம் என்று ஒரு சொல் போதும். யாரும் விசாரிக்கப் போவதில்லை. அருட்பிரகாசம் மனைவியைப் பார்த்தார்.

"இல்லை மாஸ்டர். கேட்டாங்கள், சொன்னன்."

ஜெபநேசன் எழும்பி ஜக்கெற்றைப் போட்டார். கதவடியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஓம் எண்டாவது சொல்லியிருக்கலாம் அண்ணை. நான் நம்பியிருப்பன்."